"அருமை" சொல்லித் தப்புகிறவர்களுக்கு

தானாகவே கற்று மேலைத்தேய சாஸ்திரிய இசை எழுதும் ஒருவர் தன் ஆக்கத்தைத் தந்து "எப்படி?" என்று கேட்கிறார். நாம் "மாஷா அல்லாஹ், அருமை" என்று அனுப்பிவிடுகிறோம். இதற்குப் பெயர் பண்பாம்! நான் சோம்பல் என்பேன். விடைத்தாளைத் திறந்தும் பாராமல் முழுப் புள்ளி போடும் ஆசிரியரை நீங்கள் நல்லவர் என்பீர்களா?

"அப்போ முகத்திலடித்த மாதிரிச் சொல்லவா?" என்று சிலர் பாய்வீர்கள். அதுவும் நடந்ததுதான். 1872இல் தத்துவஞானி நீட்ஷே தான் எழுதிய பியானோ இசையொன்றை ஹான்ஸ் ஃபொன் பியூலோ என்ற பெரிய இசை நடத்துநருக்கு அனுப்பினார். பியூலோ அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவ்வளவு ஏளனத்துக்கு நடுவே எந்தப் புத்திமதி காதில் ஏறும்?

எல்கரைப் பாருங்கள். அவரும் இசையமைப்பைத் தானே படித்தவர். 1899இல் அவருடைய 'எனிக்மா' அரங்கேறியதும், பதிப்பகத்தில் வேலை செய்த நண்பர் யேகர், முடிவு சட்டென்று அறுந்துபோகிறது என்றார். எல்கர் இலேசில் இணங்கவில்லை. பிறகு நீட்டி எழுதினார். இன்று உலகம் கேட்பது அந்த நீண்ட முடிவைத்தான்.

யேகர் இடத்தைக் காட்டினார். அதற்கு முழுதாகக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணினியில் எழுதுகிறவர்கள் வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே சுரம் போடுவதுண்டு. புல்லாங்குழல்காரருக்கு மூச்செடுக்க இடமே விடாததும் உண்டு. கணினி மறுபேச்சின்றி வாசித்துவிடும். மனிதரால் முடியாது. இதை அவருக்கு யார் சொல்வது, "அருமை" போட்ட நாற்பது பேருமா?