தனியே முக்குளிக்கலாமா?

"துணையில்லாமல் ஸ்கூபா முக்குளிக்கலாமா சார்?" போர்ட்டிக்சன் கடலைப் பார்த்துவந்த தோட்டத்து மாணவர்கள் கேட்கிறார்கள். கற்கலாம், ஆனால் துணையோடு தொடங்கித்தான். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவருக்கே படகில் கயிறு பிடிக்க ஆள் இருந்தார்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. ஒரே மூச்சுக்கு இரண்டு மடங்கு காற்று செலவாகும். பதறினால் கலன் இன்னும் சீக்கிரம் காலி. பங்கு கொடுக்கப் பக்கத்தில் யாருமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தாலோ, பாயில் விதிப்படி காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். எனவே தனியாக இறங்குபவர் தனி ரெகுலேட்டருடன் இன்னொரு சிறு கலனும் கொண்டுபோகிறார். இப்பயிற்சியில் சேர பேடி அமைப்பு 18 வயதும் 100 முக்குளிப்பு அனுபவமும் கேட்கிறது. எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.