மொட்டை மாடியில் ஓர் ஏரி

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்திற்கு வருண பகவானை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதாவது, 1,000 சதுர அடி மாடியில் லட்சம் லிட்டருக்கு மேல்! பூமிக்குள் இறங்காவிட்டால் அது கடலுக்குத்தான் போகும்.

போடாமலே எடுக்கும் கணக்கு எத்தனை நாள் தாங்கும்? மீஞ்சூரில் அளவு மீறி இறைத்ததால் நிலத்தடியில் கடல் நீர் புகுந்துவிட்டது.

மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாயிற்று. கிணறுகளில் நீர் உயர்ந்தது. பிறகு குழிகள் பல தூர்ந்துபோயின. 2019-ல் ஏரிகள் வறண்டன; குடங்கள் தெருவுக்கு வந்தன.

குழி இருந்தால் போதுமா? அதில் நீர் இறங்குகிறதா என்று ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பே மாநகராட்சி நேரில் பார்க்க வேண்டும். லாரித் தண்ணீர் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இது உயிர்ப் பிரச்னை அல்லவா?