குழந்தைக்குக் கேட்கின்றதா?

சென்ற வாரம் உக்குவளையில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். மாத்தளை நோக்கிச் சென்ற புகைவண்டி ஊரதிரக் கூவிற்று. முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுப் பேரன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. "அவன் அப்பனும் பிந்தித்தான் பேசினான்" என்று பாட்டியார் சமாதானம் கூறினார். உயர்தர வகுப்பில் பயிலும் நண்பரின் மகளோ, "மாமா, செவியைச் சோதிப்பவராக வேண்டுமானால் என்ன படிக்க வேண்டும்?" என்று எம்மை வினவினாள்.

நல்ல வினா. காது, மூக்கு, தொண்டை வைத்தியர் நோயைக் கண்டு மருந்தும் அறுவையும் செய்பவர். கேள்வித் திறனை அளந்து, ஏற்ற கருவியைத் தேர்ந்து பொருத்திப் பழக்குபவர் செவிப்புலனியலாளர். நம் நாட்டில் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு மேலும் கற்க விரும்புவோருக்கு, 1965-ஆம் ஆண்டு மைசூரில் தொடங்கப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் இரண்டாண்டுப் பட்டப்பின் படிப்பு உள்ளது. அமெரிக்காவிலோ, முதற்பட்டத்தின் பின் பெரும்பாலும் நான்காண்டுகள் பயின்றே இத்தொழிலுக்குரிய கலாநிதிப் பட்டம் பெறுவர்.

இத்துணை ஆண்டுகள் எதற்கு? பேசத் தெரியாத குழந்தை, "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லாது. 1978-இல் இலண்டனில் டேவிட் கெம்ப் என்பார், ஒலி புகுந்ததும் உட்காது மெல்லிய எதிரொலி ஒன்றைத் திருப்பி அனுப்புவதைக் கண்டறிந்தார். இன்று பச்சிளங்குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து அதனைக் கேட்டறிகின்றனர். உறங்கும் குழந்தையின் தலையில் மின்வாய்களை ஒட்டி, ஒலிக்கு நரம்பு விடையளிக்கின்றதா என்றும் அறிவர். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் தீர்மானம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது இத்துறையினர் போற்றும் விதி. மொழி வேரூன்றும் பருவம் காத்திராது.

இங்கே தமிழ் மாணவர் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கருவியின் ஓசைக்கு மொழியில்லை; ஆனால், பேச்சுச் சோதனைக்கு மொழி உண்டு. 'படம்', 'பழம்', 'பணம்' என்று சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்கையில், பிள்ளை பிசகினானா அன்றிச் சரியாகச் சொன்னானா என்பதைத் தமிழறியாதவர் எங்ஙனம் தெளிவார்? தெரியாத மொழியில் சோதிக்கப்பெற்ற பிள்ளையின் மௌனத்தைச் செவிட்டுத்தன்மை என்று எண்ணிவிடவும் கூடும். கருவியை எப்படி அணிவது என்று தோட்டத்துத் தாய்க்கு விளக்குவதும் அவள் மொழியிலன்றோ நிகழவேண்டும்? ஆகவே, இத்துறைக்குத் தமிழ்ப் பிள்ளைகள் வருதல் அவசியமாகும்.

அப்பெண்ணுக்கு நாம் கூறியது இதுவே: அனுமதி விதிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பார், விஞ்ஞானத்தைக் கருத்தூன்றிப் படி, தமிழை மறவாதே. பாட்டியாருக்குக் கூறியதோ இன்னும் சுருக்கமானது: பேத்தி பட்டம் பெறும்வரை பேரன் காத்திருக்கலாகாது. நாளையே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.