முன்னாள் பெண் போராளிகளின் நோய்க்கு யார் பொறுப்பு?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோருக்கு என்றுமே குறைவில்லை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்காக 2022 சனவரியிலும் உடன்படிக்கை எழுதினார்கள். ஆனால் கொட்டியாரக் குடாவின் மறுகரையில், சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும், எறிகணைச் சிதறலைத் தோளிலும் முதுகிலும் சுமந்தபடி வயலில் களை பிடுங்கும் பெண்களைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. ஒரு காலத்தில் ஆயுதம் ஏந்திய பெண்கள் அவர்கள்.

அவர்களுள் விரும்பிச் சென்றோரும் உண்டு. பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டோரும், பள்ளிப் பருவத்திலேயே சேர்க்கப்பட்டோரும் உண்டு. இதை மறைப்பது நேர்மையன்று. அவர்கள் சென்ற வழி சரியா பிழையா என்ற வழக்கை வேறு மன்றில் பேசிக்கொள்ளலாம். வைத்தியசாலை வாசலில் அவ்வழக்குக்கு இடமில்லை என்பதே நமது வாதம்.

அரசாங்கம் தன் படையினரின் நலன் காக்க 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபையை நிறுவியது. 1979இல் உருவான இராணுவ மகளிர் படையணியில் காயமுற்ற பெண்ணுக்கு, குறைகள் இருந்தாலும், சென்று தட்ட ஒரு கதவு உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. எதிரணியில் நின்று அதே போரில் காயமுற்ற பெண்ணுக்கு எந்தக் கதவு? 2009க்குப் பின் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 12,000 பேருள் 2,000க்கும் மேற்பட்டோர் பெண்கள். தையலும் கணினியும் கற்பித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பில் கிடந்த இரும்பும் அவர்களோடு வீடு திரும்பிற்று.

கிழக்கில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் புலிகள் தம்முள் மோதிக்கொண்டபின், கிழக்கின் போராளிகள் பலர், பெண்கள் உட்பட, கலைத்து அனுப்பப்பட்டனர். 2009இன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உதவி வழங்கப் புறப்படும் எவருக்கும், அவ்வாறு வீடு சேர்ந்த பெண்கள் கண்ணிற் படமாட்டார்கள். சான்றிதழ் இல்லாத காயமும் காயந்தானே!

“இலவச வைத்தியம் எல்லார்க்கும் உண்டே” என்பர் சிலர். உண்மைதான், அது இந்நாட்டின் பெருமை. ஆனால் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது போன்றதன்று இது. சிதறல் நரம்பை அழுத்தினால் கை மரத்துப்போகும். சில வேளை சீழ் கட்டும். எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடவும் முடியாது. எடுப்பதே ஆபத்தாகும் இடங்களும் உண்டு. உடலில் இரும்பு உண்டென்று அறியாமல் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துள் அனுப்பினால், காந்த விசை அதை நகர்த்திக் கேடு விளைக்கலாம். மூட்டினுள் தங்கிய ஈயக்குண்டு சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்திற் கலக்கும். கருவுற்ற காலத்தில் அது சிசுவையும் தொடும். இவற்றையெல்லாம் அறிய ஒரு பழைய கதை வைத்தியரிடம் சொல்லப்படவேண்டும். அந்தக் கதையைச் சொல்லத்தான் அவள் அஞ்சுகிறாள்.

ஏன் அஞ்சமாட்டாள்? புலனாய்வாளர் வீடு தேடி வந்து விசாரித்ததை அவள் மறக்கவில்லை. வைத்தியரிடம் சொன்னது எந்தக் கோப்புக்குப் போகுமோ என்ற ஐயம் அவளுக்கு உண்டு. ஊரும் இலேசானதன்று. மேடையில் வீரமங்கை என்று புகழ்ந்த நாமே, பெண் கேட்கும்போது “இயக்கத்தில் இருந்தவளா?” என்று முகம் சுளிக்கிறோம். எனவே வடுவை மறைத்துச் சேலை உடுத்துகிறாள். வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள்.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது. பால் காரணமாகவோ அரசியற் கருத்துக் காரணமாகவோ பிரசைக்குப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டு அலுவலகமும் அமைந்துள்ளது. நேபாளத்தைப் பாருங்கள். அரசை எதிர்த்துப் போரிட்ட மாவோயிஸ்டுகளுள் ஐ.நா. சரிபார்த்து ஏற்ற 19,602 பேரில் 3,846 பேர் பெண்கள். 2012இல் விலகிச் சென்றோருக்கு ஐந்து முதல் எட்டு இலட்சம் நேபாள ரூபாய் வரை அந்த அரசே கொடுத்தது. ஒருமுறை பணம் கொடுத்துக் கைகழுவுவது போதாது என்பது வேறு விடயம். கொடுக்கலாகாது என்று அங்கே எவரும் சட்டம் பேசவில்லையே!

நாம் கேட்பது பெரிதன்று. மூதூர் வைத்தியசாலையில் மாதம் ஒரு நாள், போர்க்காயத்துக்கென ஒரு கிளினிக். பெண் வைத்தியர் ஒருவர், எக்ஸ்ரே, மனநல ஆலோசகர். எந்தப் படையில் இருந்தாய் என்ற கேள்வி அங்கே கூடாது. பதிவேடு சுகாதாரத் திணைக்களத்தின் பெட்டியில் பூட்டப்பட்டு, நீதிமன்றக் கட்டளையின்றி வெளியே போகலாகாது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர் அப்பெண்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். அவர் மூலமே அழைப்புப் போகட்டும். ஈச்சிலம்பற்றிலிருந்து வருவோருக்குப் பேருந்துக் கட்டணமும், இழந்த நாட்கூலியும் கொடுக்கவேண்டும். இன்றேல் அறுவடைக் காலத்தில் ஒருத்தியும் வரமாட்டாள்.

திருகோணமலையின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் சுகாதார அமைச்சின் வாக்கு எடுக்கப்படும் நாளில் இதை எழுப்பவேண்டும். அதுவரை நமது வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் மாதத்தில் ஒரு ஞாயிறு குடாவைச் சுற்றி மூதூருக்குப் போய்வரத் தடையென்ன? தோணிக்குக் காத்திருந்த காலம் போய், கிண்ணியாப் பாலம் 2009இலேயே திறக்கப்பட்டுவிட்டது.