கோடாலி யார் தலையில் விழுகிறது?
பிரிட்டிஷ் ராணுவச் செலவு வெட்டின் உண்மைக் கணக்கு

லண்டன் பத்திரிகைகளில் பல வருஷங்களாக ஓர் ஒப்பாரி கேட்டுக்கொண்டிருக்கிறது. ஏழு கடலையும் ஆண்ட கப்பற்படை எலும்பும் தோலுமாகிவிட்டதே, டாங்கிப் பட்டாளம் தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டதே என்று ஓய்வுபெற்ற அட்மிரல்களும் ஜெனரல்களும் மாரடித்து அழுகிறார்கள்.

இன்னொரு பக்கம் சில நல்ல மனசுக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். பீரங்கிக்குப் போகிற பணம் குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடுமே என்பது அவர்கள் நினைப்பு. நம்மிலும் அப்படி நினைக்கிறவர்கள் உண்டு.

அட்மிரல்களோடு சேர்ந்து நாம் அழப்போவதில்லை. அந்தக் கப்பற்படையின் பீரங்கி நிழலில்தான் லங்காஷயர் துணி நம் கரையில் வந்து இறங்கியது. நம் கைத்தறி நெசவாளியின் வயிற்றில் மண் விழுந்தது. அதன் பெருமை போனதற்காக நம் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. ஆனால், கோடாலியை ஓங்கியவன் யார், அது விழுந்தது யார் தலையில் என்று கேட்காமல் கை தட்டவும் நாம் தயாராக இல்லை. கேட்டுப் பார்ப்போம்.

பாங்கு கவிழ்ந்தது, மாலுமி முழுகினான்

2008-ல் பிரிட்டனின் பெரிய பாங்குகள் கவிழ்ந்தன. சர்க்கார் ஜனங்களின் பணத்தைக் கொட்டி அவற்றைத் தூக்கி நிறுத்தியது. 2010-ல் பதவிக்கு வந்த டேவிட் கேமரான் சர்க்கார், கஜானா காலி என்று கையை விரித்தது. அந்த வருஷம் அக்டோபரில் ராணுவ வெட்டு அறிக்கை வெளிவந்தது.

கப்பற்படையில் 5,000 பேர், தரைப்படையில் 7,000 பேர், விமானப்படையில் 5,000 பேர், ராணுவ இலாகாவின் சிவில் சிப்பந்திகளில் 25,000 பேர்: இவ்வளவு பேருக்குச் சீட்டுக் கிழிக்கத் திட்டமிட்டார்கள். போர்க்கப்பல்களின் எண்ணிக்கை 23-லிருந்து 19 ஆனது. கொடிக்கப்பலான 'ஆர்க் ராயல்' 2011 மார்ச்சில் படையிலிருந்து நீக்கப்பட்டு, பழைய இரும்பாகத் துருக்கிக்கு விற்கப்பட்டது. டாங்கிகளில் நூற்றுக்கு நாற்பது குறைக்கப்பட்டது.

அனுப்பிய விதத்தையும் பாருங்கள். 2011 பிப்ரவரியில், பல வருஷம் உழைத்துப் பதவி உயர்ந்த 38 சிப்பாய்களுக்கு, உன் வேலை போகிறது என்ற செய்தி மின்னஞ்சலில் வந்தது! நேரில் கூப்பிட்டுச் சொல்ல ஒரு அதிகாரிக்கு நேரமில்லை. மில் வாசலில் ஆட்குறைப்பு நோட்டீஸை ஒட்டிவிட்டு மானேஜர் பின்பக்கமாகக் காரில் போய்விடுகிற காட்சி நம் தோழர்களுக்கு ஞாபகம் வரும்.

அதே மாதம் 'கம்பர்லண்ட்' என்ற போர்க்கப்பல் லிபியாவின் பெங்காசி துறைமுகத்துக்குப் போய், கலவரத்தில் சிக்கியிருந்தவர்களை மீட்டு வந்தது. அந்தக் கப்பல் வீடு திரும்பியதும் ஓய்வு கொடுக்கப்பட வேண்டிய கப்பல்! அடுத்த மாதமே பிரிட்டிஷ் விமானங்கள் லிபியாமேல் குண்டு போடப் புறப்பட்டன. சிப்பந்திக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. குண்டு போடப் பணம் இருந்தது. வெட்டினால் யுத்தம் குறையும் என்று நம்பினவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இருந்தாலும் ஆயிரம் பொன்

கோடாலி படாத இடங்களும் உண்டு. அவை எவை?

இரண்டு புதிய விமானம்தாங்கிக் கப்பல்களைக் கட்ட ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் சொன்ன விலை 400 கோடிப் பவுனுக்கும் குறைவு. முடிவில் ஆனது 620 கோடி. கஜானா காலி என்றவர்கள் இதை ஏன் நிறுத்தவில்லை? நிறுத்தினால் கட்டுவதைவிட அதிகச் செலவாகும் என்று கேமரானே பார்லிமெண்டில் சொன்னார். கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் அப்படி! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஆயுதக் கம்பெனியின் யானைக்கு அது பொருந்தும். தொழிலாளியின் வேலைக்கு மட்டும் அப்படி ஓர் ஒப்பந்தத்தை எந்தச் சர்க்காரும் எழுதியதில்லை.

டாங்கி விஷயத்துக்கு வருவோம். 'சாலஞ்சர் 2' டாங்கிகள் 386 வாங்கினார்கள். 2010 வெட்டுக்குப் பிறகு 227 மிஞ்சின. 2021 மார்ச்சில், 148-ஐ மட்டும் புதுப்பிப்போம், தரைப்படையை 72,500 பேராகச் சுருக்குவோம் என்றார்கள். அதே மாதத்தில்தான் அணுகுண்டு உச்சவரம்பை 260 ஆக உயர்த்தப் போவதாகவும் அறிவித்தார்கள்! ஆளைக் குறை, அணுகுண்டைக் கூட்டு: இதுதான் அவர்கள் கண்ட சிக்கனம். அதற்கு முன்பே, 2016 ஜூலையில், அணுகுண்டு சுமக்கும் நான்கு புதிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பார்லிமெண்ட் கை தூக்கியாகிவிட்டது. மதிப்பீடு 3,100 கோடிப் பவுன். போதாவிட்டால் எடுத்துக்கொள்ள இன்னும் 1,000 கோடி.

'அஜாக்ஸ்' என்ற கவச வண்டியின் கதை இன்னும் கேவலம். 589 வண்டிகளுக்கு 550 கோடிப் பவுன் ஒப்பந்தம். 2017-ல் படைக்கு வரத் தொடங்க வேண்டியவை. வரவில்லை. சோதனைக்கு ஓட்டிய சிப்பாய்களில் சிலருக்கு வண்டியின் ஆட்டத்தாலும் இரைச்சலாலும் காது கெட்டதுதான் மிச்சம். ஒரு வண்டியும் படையில் சேராத காலத்திலேயே கம்பெனிக்கு 300 கோடிப் பவுனுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. நம் தறியில் ஒரு இழை அறுந்தால் அன்றைய கூலியில் பிடிப்பார்கள். அங்கே கம்பெனியின் கூலியில் பிடித்தது யார்?

தஞ்சை ஜில்லாவின் பழைய பண்ணைக் கணக்கை நம் விவசாயத் தொழிலாளித் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மகசூல் குறைந்தால் மிராசுதார் முதலில் கை வைப்பது பண்ணையாளின் படி நெல்லில். மைனரின் வில்வண்டியில் அல்ல. லண்டன் கணக்கும் அதே கணக்குத்தான்.

பட்டறை வாசலில் பூட்டு

படையை வெட்டினால் பட்டறையிலும் அடி விழும். நியூகாசில் நகரின் ஸ்காட்ஸ்வுட் சாலையில் இருந்த டாங்கிப் பட்டறை, ஆர்ம்ஸ்ட்ராங் 1847-ல் தொடங்கிய தொழிலின் கடைசிக் கண்ணி. ஆர்டர் இல்லை என்று 2012-ல் அறிவித்து, அதை மூடினார்கள். சாலஞ்சரைக் கட்டிய லீட்ஸ் பட்டறை அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. போர்ட்ஸ்மவுத்தில் ஐந்நூறு வருஷமாகக் கப்பல் கட்டினார்கள். 2013 நவம்பரில் கப்பல் கட்டும் வேலையை அங்கே நிறுத்தப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. அங்கே 940 பேருக்கும், கிளாஸ்கோ முதலிய இடங்களில் 835 பேருக்கும் வேலை போகும் என்றது. பிறகு டாங்கியைப் புதுப்பிக்க 80 கோடிப் பவுன் ஒப்பந்தம் வந்தபோது நியூகாசிலில் பட்டறை இல்லை; மிஷின் இல்லை; தொழில் தெரிந்த கைகள் திக்குக்கொன்றாகச் சிதறிவிட்டன.

இது புதிதுமல்ல. 1981-ல் தாட்சரின் ராணுவ மந்திரி ஜான் நாட் கப்பற்படையை வெட்டினார். டிரைடன்ட் அணு ஆயுதத்தைத் தொடவில்லை. நானூறு வருஷத்து சாத்தம் கப்பல் தளத்தை மூடுவதாகவும், போர்ட்ஸ்மவுத் தளத்தைச் சுருக்குவதாகவும் முடிவானது. 1982 ஏப்ரலில் பால்க்லண்ட் யுத்தம் வந்தது. வேலைநீக்க நோட்டீஸைப் பையில் வைத்துக்கொண்டே போர்ட்ஸ்மவுத் தொழிலாளிகள் இரவு பகலாக உழைத்துச் சில நாட்களில் கப்பல்களைப் புறப்படச் செய்தார்கள். அந்த யுத்தத்தில் 255 பிரிட்டிஷாரும் 649 அர்ஜெண்டினர்களும் மாண்டார்கள். தாட்சர் மறு தேர்தலில் ஜெயித்தார். சாத்தம் தளம் 1984-ல் மூடப்பட்டது. தொழிலாளிக்குக் கிடைத்த நன்றி அது!

அந்த யுத்தத்துக்குத் தலைமை தாங்கிய 'ஹெர்மிஸ்' கப்பலைத்தான் பிறகு நம் நாட்டுக்கு விற்றார்கள். 'விராட்' என்ற பெயரில் 2017 வரை ஓடி, கடைசியில் குஜராத்தின் அலாங் கரையில் உடைபட்டது. பிரிட்டிஷ் தொழிலாளி கட்டிய கப்பலை இந்தியத் தொழிலாளி உடைத்தான். கட்டினவனுக்கும் உடைத்தவனுக்கும் கிடைத்தது கூலி. மற்றதெல்லாம் வேறு பைக்குப் போயிற்று.

பணம் எங்கே போயிற்று?

வெட்டிய பணம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்றா? 2010-ல் ராணுவத்தை வெட்டிய அதே சர்க்கார்தான் இங்கிலாந்தில் சர்வகலாசாலைச் சம்பள வரம்பை மூன்று மடங்காக்கி 9,000 பவுன் ஆக்கியது. ஏழைகளுக்கான உதவித் தொகைகளில் கை வைத்தது. போர்ட்ஸ்மவுத்தில் வேலை போனவனின் பிள்ளைக்குப் படிப்பும் எட்டாமல் போயிற்று.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் தொழிற்கட்சிப் பிரதமர் ஸ்டார்மர், 2027-க்குள் தேசிய வருமானத்தில் 2.5 சதவிகிதத்தை ராணுவத்துக்கு ஒதுக்குவோம் என்றார். பணத்துக்கு வழி? ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் உதவியை 0.5-லிருந்து 0.3 சதவிகிதமாகக் குறைத்தார்! ஆயுதக் கம்பெனிகளின் பங்கு விலை துள்ளிக் குதித்தது. ஆக, வெட்டினாலும் ஏழை தலையில்; கூட்டினாலும் ஏழை தலையில். கத்தி பூசணிக்காய்மேல் விழுந்தாலும் பூசணிக்காய் கத்திமேல் விழுந்தாலும் நஷ்டம் பூசணிக்காய்க்குத்தான்.

இன்வர்கார்டன் சொன்ன பாடம்

பூசணிக்காய் எப்போதும் சும்மா இருந்ததில்லை. 1931 செப்டம்பரில் ராம்சே மாக்டொனால்ட் சர்க்கார் சிக்கனம் என்று சொல்லி மாலுமிகளின் சம்பளத்தை வெட்டியது. நாளொன்றுக்கு 4 ஷில்லிங் வாங்கிய மாலுமிக்கு 3 ஷில்லிங்! நாலில் ஒரு பங்கு போயிற்று. மேலதிகாரிகளுக்கோ வெட்டு அந்த விகிதத்தில் இல்லை. ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டனில் நின்ற அட்லாண்டிக் கப்பற்படையின் மாலுமிகள் செப்டம்பர் 15, 16 தேதிகளில் கப்பலைக் கிளப்ப மறுத்தார்கள். துப்பாக்கி எடுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான். லண்டன் நடுங்கியது. அந்த வாரமே பவுன் நாணயம் தங்கத்தோடு இருந்த பிணைப்பை அறுத்துக்கொண்டது. நாலில் ஒரு பங்கு வெட்டு, பத்தில் ஒரு பங்காக இறங்கியது. முன்னணியில் நின்றவர்களைப் பிறகு படையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் கோடாலியின் கைப்பிடியை ஒரு நிமிஷம் பிடித்து நிறுத்த முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

1976-ல் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி ராணுவத்துக்கானது. ஆட்குறைப்பு வந்தபோது, ஆயுதம் வேண்டாமென்றால் எங்கள் கைகளால் வேறு என்ன செய்யலாம் என்று தாங்களே யோசித்து, ஏறத்தாழ 150 பொருள்களுக்குத் திட்டம் போட்டார்கள். சிறுநீரக நோயாளிக்கு இயந்திரம், காற்றாலை, ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி! நிர்வாகம் தள்ளிவிட்டது. லாபத்துக்கு அது பிடிக்கவில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஆயுதச் செலவு குறைய வேண்டும். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெட்டு அணுகுண்டிலிருந்து தொடங்கட்டும், கம்பெனி லாபத்திலிருந்து தொடங்கட்டும். மிச்சமாகும் ஒவ்வொரு பவுனும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகட்டும். கப்பல் கட்டிய கைக்கும் டாங்கி கட்டிய கைக்கும் வேறு வேலை தயாரான பிறகே பட்டறைக் கதவில் பூட்டு விழட்டும்.

பிரிட்டனுக்கு மட்டுமா இது? எந்த ஊரில் எந்தச் சர்க்கார் சிக்கனம் என்று சொன்னாலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யாருடைய செலவில்?