யாருக்கு எச்சரிக்கை?

2025 பிப்ரவரி 28-ந் தேதி விடியற்காலையில், உத்தராகண்டத்தைச் சேர்ந்த சமோலி ஜில்லாவில், மாணா கிராமத்துக்கருகே எல்லைச் சாலை ஸ்தாபனத்தின் முகாமொன்றின்மீது பனிச்சரிவு விழுந்து 54 தொழிலாளரைப் புதைத்தது. ராணுவத்தாரும் பிறரும் மூன்று நாள் பாடுபட்டதன் பயனாக 46 பேர் பிழைத்தனர். 8 பேர் மாண்டனர். மீட்கச் சென்றவர்களின் தீரத்தைப் பாராட்டாதவர் இரார். ஆனால் பாராட்டுடன் விஷயத்தை முடித்துவிட நாம் சம்மதியோம்.

முந்திய நாள் மாலையிலேயே, சண்டிகரிலுள்ள ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனம், சமோலி முதலிய ஜில்லாக்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு அபாயம் உண்டென்று எச்சரித்திருந்தது. மாணாவோ சுமார் 3,200 மீட்டர் உயரத்திலுள்ளது. பனியை ஆராய்வதற்கென்று 1969-லேயே மணாலியில் நிலையம் கண்ட தேசம் இது. ஆகவே அறிவுக்குப் பஞ்சமென்று சொல்வதற்கில்லை. மாலையில் பிறந்த எச்சரிக்கை, முகாமில் உறங்கியவர்களை ஏன் கீழே இறக்கவில்லை என்பதே நமது கேள்வி.

மாணாவாசிகள் குளிர்காலத்தில் அங்கே தங்குவதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழுள்ள ஊர்களுக்கு இறங்கிவிடுவது அவர்களுடைய பரம்பரை வழக்கம். அருகிலுள்ள பத்ரிநாதர் ஆலயமும் நடை சாத்தப்பெற்று, பூஜை ஜோஷிமடத்துக்கு மாறிவிடுகிறது. ஊராரும் ஸ்வாமியும் இருக்கத் துணியாத இடத்தில் கூலியாளை மட்டும் படுக்க வைத்தோம்.

பனிச்சரிவு காரணமின்றி வந்து விழும் இடியன்று. மலைச்சாரலில் பனி அடுக்கடுக்காகச் சேருகிறது. முன்பனிக்காலத்தில் பெய்த மெல்லிய பனி, தெளிந்த குளிர் இரவுகளில் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குருணை போலாகிவிடும். அதன்மேல் காற்று வாரிக் கொணர்ந்த பனி பலகைபோல் இறுகும். பிறகு ஒரே இரவில் கனத்த பனி பெய்தாலும், மழை விழுந்தாலும், சில வேளைகளில் ஒருவன் கால் வைத்தாலுமே போதும்; அடியிலுள்ள குருணை நொறுங்கிப் பலகை முழுதும் கழன்றோடும். இது பெரும்பாலும் 30 டிகிரி முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகளில் நேருகிறது. நமது ஓட்டுக் கூரையின் சாய்வை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

இதைச் சோதிக்கும் முறையும் எளிதே. மண்வெட்டியால் குழி தோண்டி அடுக்குகளைப் பார்க்க வேண்டும். பனியை ஒரு தூணாக அறுத்து நிறுத்தி, அதன் தலையில் மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்ட வேண்டும். சில தட்டுகளிலேயே வழுக்கி விழுமாயின் அங்கே நிற்கலாகாது. காலடியில் பனி 'தொம்' என்று அமுங்குவதும், விரிசல் ஓடுவதும், அடுத்த சரிவு அன்றே இறங்கியிருப்பதும் குழி தோண்டாமலே தெரியும் அடையாளங்கள். ஒரு குழி நல்ல செய்தி தந்தாலும் அதை நம்பி ஏமாறக்கூடாது. பத்தடி தள்ளி வேறு கதை இருக்கும். சமதரையில் முகாமிட்டவனும் தலைக்குமேலுள்ள சரிவையே பார்க்க வேண்டும்.

புதைந்தவனுக்குக் காலம் மிகக் குறைவு. முதல் பத்து, பதினைந்து நிமிஷங்களில் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். அரை மணி கழிந்தால் பிழைப்போர் சிலரே. மாணாவில் பலர் மணிக்கணக்கில் உயிரோடிருந்தது, தங்கியிருந்த இரும்புப் பெட்டி அறைகள் நசுங்காமல் காத்ததால் என்றே கூறப்பட்டது. அந்த அதிர்ஷ்டத்தைத் திட்டமாகக் கொள்ள முடியுமா?

எல்லைப் பாதுகாப்புக்குச் சாலை அவசியமென்பர். நாமும் மறுக்கவில்லை. அந்த எல்லையில் தமிழ்நாடும் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறது. 2016 பிப்ரவரியில் ஸியாச்சினில் பனிச்சுவர் இடிந்து மாண்ட மதராஸ் ரெஜிமெண்டார் பதின்மரில் நால்வர் தமிழ்நாட்டவர். போர்முனையில் சிப்பாய் நின்றேயாக வேண்டிய இடமுண்டு. சாலை போடும் முகாமுக்கு அத்தகைய நிர்ப்பந்தம் என்ன? இதே ஜில்லாவில், இதே ஸ்தாபனத்தின் முகாம்மீது, 2021 ஏப்ரலில் சும்னாவில் பனிச்சரிவு விழுந்து பத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். 384 பேர் மீட்கப்பட்டனர். நான்கே ஆண்டுகளில் மாணா!

சரிவின் பாதையில் முகாம் அமைப்பதைச் சர்க்கார் உடனே தடுக்க வேண்டும். ஒவ்வொரு முகாமிலும் பனியைச் சோதிக்கப் பயின்றவர் ஒருவர் இருக்க வேண்டும். மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திராமல் முகாமைக் காலி செய்யும் அதிகாரம் அவருக்கு வேண்டும். காண்டிராக்டர் குறுக்கே நிற்கலாகாது. வேலை நின்ற நாட்களுக்கும் முழுக் கூலி கிடைக்க வேண்டும். இல்லையேல் தொழிலாளர்களே இறங்க மறுப்பார்கள். குளிர்காலத்தில் எந்தெந்த முகாம்களில் எத்தனை பேர் தங்கப் போகிறார்கள், அவற்றின் தலைக்குமேலுள்ள சரிவுகளைப் பார்வையிட்டவர் யார் என்ற ஜாபிதாவை முதற்பனி விழுமுன் ஆண்டுதோறும் வெளியிடும்படி சர்க்காரைக் கோருகிறோம்.