குடத்தை யார் தூக்குவது?



ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. பதினோரு வருஷமாக ஒரே மெஷின், ஒரே ஸ்டூல். “ஸ்கேன்ல டிஸ்க் நகர்ந்திருக்குன்னு வந்திருக்கு. இனிமே வேலைக்குப் போக முடியுமான்னே பயமா இருக்கு. பிசியோதெரபி மேடம் ஐஸ் வைக்கச் சொன்னாங்க. எங்க மாமியார் கூடவே கூடாதுங்கறாங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?” என்று முடித்திருந்தார்.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அந்தக் கடைசிக் கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. விவரம் தெரிந்த டாக்டர்களிடம் பேசினேன், படித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

சின்ன வீடு. தெரு முழுக்க பிரியாணி வாசனை. கூடத்தில் பாய் விரித்து, கெண்டைக்கால் இரண்டையும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார் அந்தப் பெண். எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

வாசற்படியில் நின்ற மாமியார் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். “நீங்களே சொல்லுங்கம்மா, இடுப்புல ஐஸ் கட்டிய வெச்சுகினா வாயு புடிச்சுக்காதா? நாங்கெல்லாம் உப்ப வறுத்து ஒத்தடம் குடுத்துதான் புள்ளைங்கள ஆளாக்கினோம்.”

இந்தக் கேள்வி நம் வீடுகள் எல்லாவற்றிலும் இருப்பதுதானே? வேலூர் வெயிலில் ஐஸ் வாட்டர் குடிக்கத் தயங்காத நாம், வலிக்கிற இடுப்பில் ஐஸ் வைப்பதென்றால் மட்டும் பின்வாங்குகிறோம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் டிஸ்க்கைச் சரிசெய்யாது. டிஸ்க் தோலுக்கும் தசைக்கும் அடியில், எலும்புக்கு எலும்பு நடுவே ஆழத்தில் இருக்கிறது. நாம் வைக்கிற குளிர்ச்சி அவ்வளவு தூரம் போவதே இல்லை. அது மேலே இறுகிப் பிடித்துக்கொண்ட தசையைத் தளர்த்தும், வலியைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அடிபட்டால் ஐஸ் வை, ஓய்வெடு என்ற பாடத்தை 1978-ல் பிரபலப்படுத்திய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, பல வருஷம் கழித்து, ஐஸ் வலியைக் குறைக்குமே தவிர காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தவும் கூடும் என்று மாற்றி எழுதினார். முதுகுவலி விஷயத்தில் ஐஸைவிடச் சூட்டுக்குத்தான் ஆராய்ச்சிச் சான்று கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

அப்படியானால் மாமியார் சொல்வது சரியா? பாதி சரி. வலி வெட்டி இழுக்கிற முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் இதமாக இருக்கும். அப்புறம் இறுக்கம் மட்டும் மிச்சமிருக்கிறபோது அவருடைய உப்பு ஒத்தடம் நன்றாகவே கேட்கும். எது இதமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். இதில் மாமியாரும் மருமகளும் சண்டை போட ஒன்றுமே இல்லை.

அந்த வீட்டில் ஐஸ் பேக் கிடையாது. காலி ஆவின் கவரைக் கழுவி, முக்கால் பாகம் தண்ணீர் விட்டு, ரப்பர் பேண்ட் இறுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள். எடுத்ததும் தரையில் ரெண்டு தட்டு. உள்ளே பொடிந்து, இடுப்பு வளைவுக்கு ஏற்றபடி உட்கார்ந்துகொள்கிறது. மேலே ஒரு ஈரத்துண்டு சுற்றிக்கொள்ள வேண்டும். வெறும் தோலில் வைத்தால் தோல் வெந்துபோன மாதிரி ஆகிவிடும். பதினைந்து நிமிஷம், மிஞ்சினால் இருபது. ரெண்டு மணி நேரம் விட்டு மறுபடி வைக்கலாம். அதை வைத்துக்கொண்டே தூங்கிவிடக் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஐஸும் ஆகாது, கொதிக்கிற ஒத்தடமும் ஆகாது. புண்ணான பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும்.

இனி, டிஸ்க் என்கிற அந்தச் சொல்லைப் பற்றி. நகர்ந்துவிட்டது, விலகிவிட்டது, பிதுங்கிவிட்டது என்று கேட்கும்போதே வீடே நடுங்கிவிடுகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். உள்ளே கூழ், சுற்றிலும் நார்வளையம். வளையம் தளர்ந்தால் கூழ் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பைத் தொடும். இடுப்பில் தொடங்கிப் பின்தொடை வழியாகப் பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுப்பது அதனால்தான். இதை அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் 1934-ல்தான் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள்.

ஆனால் ஸ்கேனில் தெரிகிற பிதுக்கமெல்லாம் வியாதி இல்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. அவர்கள் யாரும் வலியென்று சொன்னவர்கள் இல்லை! உண்மையிலேயே நரம்பைத் தொட்டு வலி வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே தணிந்துவிடுகிறது. பிதுங்கிய கூழை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்து வேலையை விடலாமா என்று யோசிக்கிறவர்கள் இதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படியுங்கள்.

அந்த ஆறு வாரம் எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. படுத்தே கிடந்தால் சரியாகும் என்பது பழைய நம்பிக்கை. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து நடந்த ஆய்வு 1995-ல் வெளியானது. இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். ஐஸ் தருகிற அந்த வலியில்லாத நேரத்தை எழுந்து பத்து நிமிஷம் கூடத்திலேயே நடக்கப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

வலி பாதத்திலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என்று மேலே ஏறினால் நல்ல அறிகுறி. இடுப்பில் வலி கூடின மாதிரி இருந்தாலும் பயப்பட வேண்டாம். கீழே இறங்கிக்கொண்டே போனால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இப்போது நம் வீட்டுக் காலை வேளைக்கு வருகிறேன். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. அதனால்தான் காலையில் நாம் எல்லோருமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். உப்பின டிஸ்க்கை வைத்துக்கொண்டு குனிந்தால் அழுத்தம் மிகவும் அதிகம். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குனியாமல் இருந்தாலே நாள்பட்ட இடுப்புவலி குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பெண்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள்? ஐந்து மணிக்கு எழுந்து குட்டைத் துடைப்பத்தால் வாசல் பெருக்குகிறார்கள். குனிந்து கோலம் போடுகிறார்கள். தண்ணீர் விடுகிற நாளானால் குழாயடியிலிருந்து குடம் குடமாகத் தூக்குகிறார்கள். ராத்திரிப் பாத்திரம் துலக்குகிறார்கள். அதற்குப் பிறகு கம்பெனி வண்டிக்கு ஓட்டம். அங்கே எட்டு மணி நேரம் ஊசி முனையைப் பார்த்துக் குனிந்தபடி தையல். அப்படி முன்னால் வளைந்து உட்காரும்போது டிஸ்க் மேல் விழும் பாரம் நிற்பதைவிட அதிகம் என்று ஸ்வீடன் டாக்டர் நாகெம்சன் அந்தக் காலத்திலேயே அளந்து காட்டிவிட்டார்.

இது ஷூ கம்பெனியோடு நிற்கிற கதையும் இல்லை. ராணிப்பேட்டை, வாணியம்பாடி டேனரிகளில் தண்ணீர் குடித்துக் கனத்துப்போன தோலைத் தொட்டியிலிருந்து இழுத்து டிரம்மில் போடுகிற ஆண்களுக்கும், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் முறத்தை மடியில் வைத்து நாளெல்லாம் பீடி சுற்றுகிற பெண்களுக்கும் இதே இடுப்புதான். இந்தத் தோல் பூமியில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துத் தருகிற முதுகுகள் இவை.

அதனால்தான் வீட்டு வைத்தியம் என்ற சொல்லை நான் வேறு மாதிரி புரிந்துகொள்கிறேன். அது நோயாளி தனியாகச் செய்துகொள்வது இல்லை, வீடு சேர்ந்து செய்வது. ஐஸ் கவருக்குச் செலவு ஒன்றுமில்லை. அதை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் படுக்க ஒரு குடும்பத் தலைவிக்கு நேரம் யார் கொடுப்பது? “அம்மா, டீ?” என்று ஒரு குரல் வந்தால் அவர் எழுந்துவிடுகிறாரே!

வைத்தியம் வீட்டிலும் தொடர வேண்டும் என்பதை நம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம் ஊரிலேயே இருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அது டிஸ்க் வலியைவிடப் பல மடங்கு கொடியது, இரண்டையும் ஒப்பிடவே கூடாது. ஆனாலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் முயற்சியில் 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் எழுந்தது. வீட்டுக்குத் திரும்பி எப்படி வாழ்வது, எப்படிப் புரள்வது, எப்படி வேலை செய்வது என்று கற்றுக்கொடுப்பதும் சிகிச்சைதான் என்பதை அந்த மையம் காட்டியது. அவருக்கு 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறவர் என்றால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கிற நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை கிடைக்கும், வருஷத்தில் 91 நாள் வரைக்கும். ஆறு மாதப் பிடித்தக் காலத்தில் 78 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த வாசகிக்கு இது தெரிந்திருக்கவில்லை. லீவு போட்டால் மொத்தச் சம்பளமும் போய்விடும் என்று பயந்து, வலி மாத்திரையைக் கடையில் தானாகவே வாங்கி மூன்று வாரம் போட்டிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மாத்திரைகள் வயிற்றையும் கிட்னியையும் பதம் பார்த்துவிடும். முதுகில் ஏறி மிதித்துச் சுளுக்கு எடுக்கிறவர்களிடமும் டிஸ்க் வலியோடு போக வேண்டாம்.

கம்பெனி சூப்பர்வைசர்கள் சிலரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். ஒரு மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் எழுந்து நிற்க விடுங்களேன். உங்கள் டார்கெட் அதனால் குறைந்துவிடாது.

சில அறிகுறிகளுக்கு மட்டும் ஐஸும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, அல்லது தெரியாமலே போய்விடுவது. பிறப்புறுப்பும் ஆசனவாயும் மரத்துப்போவது. இரண்டு கால்களும் பலமிழப்பது, பாதம் தொங்கிப்போய் செருப்பு கழன்று விழுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இடுப்புவலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் அது முதுகெலும்பு டி.பி.யாகவும் இருக்கலாம், அதே வாரத்தில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

நான் கிளம்பும்போது அந்த மாமியார் ஃப்ரீசரைத் திறந்து, எத்தனை கவர் மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். ப்ளஸ் ஒன் படிக்கிற பேரனைக் கூப்பிட்டு, “டேய், நாளையிலிருந்து தண்ணி நீதான் புடிக்கணும்” என்றார். அவன் தலையாட்டினான்.

வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் ஒருவர் இருந்தால், கணவர்களே, பிள்ளைகளே, ஒரு ஆறு வாரத்துக்கு அந்தக் குடத்தையும் துடைப்பத்தையும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்